பேடன்ட் எடுத்தது ஒண்ணு, வேலைக்கு ஆனது இன்னொண்ணு

எங்க லேப் சென்சாரை வெச்சு கம்பெனி ஆரம்பிக்கலாம்னு கைடு சொன்னப்ப, அதான் எல்லாம் ரெடியா இருக்கே, மூணு மாசத்துல முடிச்சிடலாம்னுதான் நெனச்சேன். மூணு வருஷம் ஆச்சு.

தண்ணில நைட்ரேட் எவ்ளோ இருக்குன்னு விடாம அளந்துக்கிட்டே இருக்கிற சென்சார் அது. யுனிவர்சிட்டில கண்டுபிடிப்புக்கு பேடன்ட் எடுத்து லைசென்ஸ் குடுக்குற டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல இருந்த மேடம் கேட்ட மொத கேள்வி, "இதைப் பத்தி வெளில எங்கயாச்சும் சொல்லிட்டீங்களா?" அடுத்த வாரம் கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் வைக்கிறோம்னு பெருமையா சொன்னேன், முகமே மாறிடுச்சு. ஐரோப்பால நாமளே வெளில சொல்லியிருந்தாலும் அது புதுசு இல்லன்னு ஆயி பேடன்ட் கெடைக்காதாம், அமெரிக்கா மாதிரி சில இடத்துலதான் ஒரு வருஷம் டைம். ஸ்டான்ஃபோர்டோட கோஹன்-பாயர் பேடன்ட் கதைய சொன்னாங்க, ஜீனை வெட்டி ஒட்டி பெருக்குற டெக்னிக், பேப்பர் வந்தது 1973 நவம்பர், அப்ளை பண்ணது 1974 நவம்பர், கெடு முடிய சில நாள் இருக்கிறப்ப, அதனால அமெரிக்க உரிமை மட்டும்தான் கெடச்சுது, மத்த நாடெல்லாம் போச்சு. (அதுலயே 25 கோடி டாலருக்கு மேல வந்துச்சுங்கறது வேற விஷயம்.) நாங்க அந்த வாரமே ப்ரொவிஷனல், அதாவது தேதியைப் பிடிச்சு வைக்கிற தற்காலிக பேடன்ட் விண்ணப்பம், ஃபைல் பண்ணிட்டுதான் போஸ்டர் மாட்டுனோம்.

அடுத்த தலைவலி பேரு. பேப்பர்ல ஆறு பேர், பேடன்ட்ல ரெண்டே பேர். சொன்ன டெஸ்ட்டை ஓட்டிக் குடுத்தவங்க இன்வென்டர் ஆக மாட்டாங்க, யோசனை யாரோடதுங்கறதுதான் கணக்கு, தப்பா பேர் சேர்த்தா பேடன்ட்டே ஆட்டம் கண்டுடும். இதை எவ்ளோ சொல்லியும் ஜூனியர் ஒருத்தர் ரெண்டு மாசம் என்கூட பேசல. அப்புறம் பேடன்ட் யுனிவர்சிட்டி பேர்லதான், நாம கண்டுபிடிச்சதுக்கு நாமளே லைசென்ஸ் வாங்கணும், கையில காசு இல்லாததால கொஞ்சம் ஷேர் குடுத்து வாங்குனோம். தேடல் முடிவை வரிசைப்படுத்துற பேஜ்ரேங்க் டெக்னிக்குக்கு கூகுளும் ஸ்டான்ஃபோர்டுக்கு ஷேர்தான் குடுத்துச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

உண்மையான அடி அதுக்கப்புறம்தான். சுத்திகரிப்பு பிளான்ட்ல ஒரு ஆபரேட்டர்கிட்ட எங்க அக்யூரஸி கிராஃபை காட்டுறேன், அவரு அதைப் பாக்கவே இல்ல, "இதை எத்தனை நாளைக்கு ஒருக்கா கழட்டிக் கழுவணும்?"ங்கறாரு. லேப்ல சுத்தமான தண்ணிலயே டெஸ்ட் பண்ண ஆளுங்க நாங்க, அங்க ஒரே வாரத்துல வழவழன்னு ஒரு படலம் ஒட்டி ரீடிங் எங்கயோ போயிடுச்சு.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு, தீசிஸ் கடைசில அனுபந்தத்துல தூக்கிப் போட்ட ஒரு கோட்டிங், சென்சாரோட துல்லியத்தை பாதியாக்குதுன்னு கைவிட்டது, ஆனா அது மேல எதுவுமே ஒட்டாது! போட்டுப் பாத்தோம், ரெண்டு மாசம் கழுவாம ஓடுச்சு, பாதி துல்லியமே போதும்னுட்டாரு ஆபரேட்டர்.

ஓடுனேன் அதே மேடம்கிட்ட. அதே கேள்வி. இல்லவே இல்லன்னேன். அவங்க லைப்ரரி பக்கத்தைத் தொறந்து என் தீசிஸைக் காட்டுனாங்க, 14 மாசமா யார் வேணா டவுன்லோட் பண்ற மாதிரி கெடக்கு. ஒரு வருஷக் கெடுவும் தாண்டியாச்சு. சப்மிட் பண்றப்ப ஃபார்ம்ல ஒரு டிக் போட்டிருந்தா கொஞ்ச காலம் மூடி வெச்சிருப்பாங்களாம்.

இப்ப அந்தக் கோட்டிங்கை யார் வேணா பண்ணிக்கலாம். ஆனா எந்தச் சூட்டுல எவ்ளோ நேரம் காய வெச்சா உரியாம நிக்கும்ங்கறத கம்பெனி ஆரம்பிச்சப்புறம்தான் கண்டுபிடிச்சோம், அதை வெளில விடல. போன வாரம் கைடு ஃபோன் பண்ணி, அதை வெச்சு ஒரு பேப்பர் எழுதலாமான்னு கேக்குறாரு.