டெபியனில் போஸ்ட்கிரஸ் நிறுவிய அனுபவம்

தமிழ் நூற்பட்டியல் ஒன்றைச் சேமிப்பதற்காக, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் போஸ்ட்கிரஸ் தரவுத்தள வழங்கியை அண்மையில் நிறுவினேன். நிறுவுவதற்கு ஒரே கட்டளை போதுமானதாக இருந்தது. டெபியனின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாகத் தொகுப்பைக் கேட்டதும் டெபியன் களஞ்சியத்திலிருந்து 15-ஆம் பதிப்பு இறங்கியது. போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் கணினிப் பயனர் ஒருவரும் 'மெயின்' என்ற கிளஸ்டரும் (ஒரே வழங்கி நிர்வகிக்கும் தரவுத்தளங்களின் தொகுதி) தாமாகவே உருவாகி, 5432-ஆம் போர்ட்டில் வழங்கி இயங்கத் தொடங்கிவிட்டது.

உள்ளே நுழைய முயன்றபோது, என் பெயரில் ரோல் (தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனர் கணக்கு) ஏதும் இல்லை என்று மறுமொழி வந்தது. அதே கணினியிலிருந்து சாக்கெட் (கணினிக்குள்ளேயே நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக வரும் இணைப்புக்கு டெபியன் அமைப்பு கடவுச்சொல் கேட்பதில்லை. முனையத்தில் இருக்கும் பயனர் யார் என்பதை இயங்குதளத்திடமே கேட்டறிந்து, அந்தப் பெயரில் தரவுத்தளத்திலும் ரோல் இருந்தால் மட்டுமே அனுமதிக்கிறது. இதற்குப் 'பியர்' முறை என்று பெயர். இந்த இடத்தில் அனுமதிக் கோப்பைத் திறந்து 'டிரஸ்ட்' (எதையும் சரிபார்க்காமல் அனுமதிப்பது) என்று மாற்றிவிடுமாறு சிலர் அறிவுரை சொல்வதுண்டு. அது கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. வேறொரு பயனராகக் கட்டளையிட உதவும் சுடோ மூலம் போஸ்ட்கிரஸ் பயனராகி, கிரியேட்யூசர் கட்டளையால் எனக்கென ஒரு ரோலை உருவாக்கிக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் தரவை ஏற்றும்போதுதான் வெளிப்பட்டது. நூற்பெயருக்கு 60 எழுத்துகள் என்று வரம்பு வைத்திருந்தும், அதில் பாதியளவுகூட இல்லாத தலைப்புகளை, நீளம் மிகுதி என்று வழங்கி நிராகரித்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன். 15 என்று விடை வந்தது. யூனிகோட் கணக்கில் அச்சொல் 5 குறிகளால் ஆனது. நாம் மூன்று எழுத்தாக எண்ணினாலும், இகரக் குறியும் புள்ளியும் அங்கே தனித்தனியாகவே எண்ணப்படும். யூனிகோட் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். அப்படியானால் வழங்கி எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

டெபியனை நிறுவியபோது மொழித் தேர்வில், எந்த மொழியையும் சாராத 'சி' என்பதை நான் தெரிவு செய்திருந்ததே இதற்குக் காரணம். கிளஸ்டர் உருவாகும் கணத்தில் கணினியின் லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) எதுவோ அதிலிருந்தே குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை, தீர்மானமாகிறது. என்னுடையது, ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகவே எண்ணும் 'எஸ்கியூஎல் ஆஸ்கி' என்று அமைந்திருந்தது. திரையில் தமிழ் சரியாகவே தெரிந்ததால், தரவை ஏற்றும்வரை எனக்கு ஐயம் எழவில்லை.

உருவான தரவுத்தளத்தின் குறியாக்கத்தைப் பின்னர் மாற்ற வழியில்லை. மூலத் தரவு தனிக் கோப்பில் இருந்ததால், தமிழுக்கான யூடிஎஃப்-8 லோக்கேலைக் கணினியில் சேர்த்து, பழைய கிளஸ்டரைப் பிஜி-டிராப்கிளஸ்டர் கொண்டு அழித்துவிட்டு, பிஜி-கிரியேட்கிளஸ்டர் கட்டளையில் அந்த லோக்கேலை வெளிப்படையாகக் குறிப்பிட்டுப் புதியதை உருவாக்கினேன். ரோல்களும் கிளஸ்டரோடு அழிந்துவிடும் என்பதால் என் ரோலை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. பிறகு அதே கேள்விக்கு 5 என்று விடை வந்தது; நிராகரிக்கப்பட்ட தலைப்புகள் அனைத்தும் ஏறின.