ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர்?

எங்கள் சாயப்பட்டறை ஆபீசுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ‘சுற்றுச்சூழல் கொள்கை’ மாட்டியிருக்கும். தண்ணீர், மின்சாரச் சிக்கனம், ரசாயனப் பாதுகாப்பு, கழிவுக் குறைப்பு என்று ஐந்து வரிகள், கீழே முதலாளியின் கையெழுத்து. லேபில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த நான் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். 2022இல் அந்த ஐந்து வரியையும் மெஷின் ஓரத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான், நின்று முழுசாகப் படித்தேன்.

திருப்பூரில் இருப்பவர்களுக்கு இது யாரோ வெளியிலிருந்து சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல் எங்கள் கண் முன்னாலேயே சாயத் தண்ணீராக ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவுதான் தேங்கியது. எங்கள் அம்மாவின் ஊர் சென்னிமலைப் பக்கம். பள்ளி லீவுக்குப் போனால், கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அம்மாயி பருப்பு வேகவைக்கத் தனியாகக் குடத்தில் தண்ணீர் வாங்கி வைத்திருப்பார். விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பட்டறை வேலைக்குப் போனவர்கள் பகலில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது. பட்டறைத் தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, நல்ல தண்ணீராகத் திரும்பி வருகிறது. அதுதான் திரும்பி வருகிறதே, அப்புறம் என்ன கவலை என்று நானும் நினைத்திருக்கிறேன். ஆனால் அழுக்காக்கி அனுப்பும் ஒவ்வொரு லிட்டரையும் திரும்ப நல்லதாக்கக் கரண்டும் நீராவியும் செலவாகிறது. எவாப்பரேட்டர் உப்புத் தண்ணீரைக் காய்ச்சுவதற்காக எங்கோ விறகு எரிகிறது. அதனால் தண்ணீரை மெஷினிலேயே குறைப்பதுதான் நிஜமான குறைப்பு.

வேலை ஆரம்பித்தது ஒரு மெயிலில். எங்களுக்கு ஆர்டர் தரும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அவர்களுடைய வெளிநாட்டு பையர் ஹிக் எஃப்.இ.எம். நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அது தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் செயல்பாட்டைப் பதிவுசெய்யும் கேள்விப் பட்டியல். மேலாண்மை, மின்சாரமும் எரிபொருளும், தண்ணீர், கழிவுநீர், புகை, திடக்கழிவு, ரசாயனம் என்று ஏழு பகுதிகள். முதலில் பார்த்தபோது தலை சுற்றியது. ஆனால் அது திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு செலவாகிறது, அதை எப்படி அளந்தீர்கள்?

ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று டையிங் மாஸ்டரிடம் கேட்டேன். “அம்பது அறுபது இருக்குங்க மேடம்” என்றார். மேனேஜர் நூறு என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. உள்ளே வரும் குழாயில் ஒரு மீட்டர், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாயில் ஒரு மீட்டர், அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. நடுவில் பதினோரு மெஷின் என்ன குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலாளியிடம் பேசி முதலில் நான்கு மெஷினுக்கு மட்டும் மீட்டர் வாங்கினோம். ஜாப் கார்டில் ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங் என்று இரண்டு கட்டம் சேர்த்தேன். முதல் மாதம் பாதிக் கார்டில் கட்டம் காலியாகவே வந்தது. திட்டவில்லை. தினமும் காலையில் மெஷின் மெஷினாகப் போய் அவர்களோடு சேர்ந்து எழுதினேன். மூன்றாம் மாதம் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 82 லிட்டர்.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் முதல் மிச்சம் கிடைத்தது. ஒரு நாள் மெஷினுக்குப் பின்னால் கழிவு வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வாய்க்காலில் கருநீலம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு குழாயிலிருந்து மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர் ஆவி பறக்க விழுந்தது. கையை நீட்டினேன், குளிக்கப் பதமான சூடு. சாயமும் இல்லை, உப்பும் இல்லை. மெஷினுக்குள் கொதிக்கும் தண்ணீரின் சூட்டைத் தணிக்க ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக ஓடி வரும் கூலிங் தண்ணீர் அது. துணியையோ சாயத்தையோ அது தொடுவதே இல்லை. அந்த நல்ல தண்ணீரைச் சாயக்கழிவோடு கலந்து, காசு கொடுத்துச் சுத்தம் செய்து, மறுபடி ஆற வைத்து வாங்கிக்கொண்டிருந்தோம்! மெஷின் வந்த நாளிலிருந்து அந்தக் குழாய் அப்படித்தான் இருந்திருக்கிறது. பிட்டர் அண்ணா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து அதை வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். தண்ணீரும் மிச்சம், அடுத்த லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் மெஷினில் ஏற்றும் துணிக்கு, சூடேற்றும் நீராவியும் மிச்சம்.

ரொம்பக் கஷ்டப்பட்டது வாஷில்தான். சாயம் போட்டு முடிந்ததும் துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தைக் கழுவி எடுக்க வேண்டும். எங்கள் ஆபரேட்டர்கள் ஓவர்புளோவைத் திறந்து, ஒரு பக்கம் தண்ணீர் வந்து மறுபக்கம் வழிய விட்டு, தண்ணீர் தெளியும் வரை அரைமணி நேரம்கூட ஓட விடுவார்கள். 300 கிலோ லாட்டுக்கு அந்த ஒரு கட்டத்திலேயே நாலாயிரம் லிட்டருக்கு மேல் போவதை மீட்டர் காட்டியது. வேல் தாங்கிப் பழனிக்கு நடக்கிற, பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ள ஆபரேட்டர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “தண்ணியக் கொறச்சு, நாளைக்குத் துணியில சாயம் எறங்குச்சுன்னா பதில் சொல்றது யாருங்க மேடம்?”

கேள்வி நியாயமானது. அதனால் லேபில் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து காட்டினேன். நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம், நூலோடு ரசாயனமாகப் பிணையும் வகை. அப்படிப் பிணையாமல் நிற்கும் சாயத்தை நூலோடு பிடித்து வைத்திருப்பது உப்புதான். உப்பு இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் ஒட்டாத சாயம் நூலை விட்டு லேசில் வராது. முதலில் இரண்டு தடவை முழுசாக நிரப்பி, கொஞ்ச நேரம் ஓட்டி, முழுசாக வடித்துவிட்டால் உப்பு போய்விடும். அப்புறம் கொதிநிலைக்குப் பக்கத்தில் சோப்பிங் கொடுத்தால், அதாவது சோப்புத் தண்ணீரில் ஓட்டினால், சாயம் கொட்டுகிறது. ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் பழைய முறையிலும் ஒன்றைப் புது முறையிலும் கழுவி, வெள்ளைத் துணியில் தேய்த்து அவர் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, மொதல்ல லைட் கலர்ல போட்டுப் பாக்கலாங்க” என்றார். அந்த ‘சரி’ வருவதற்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

நாலாயிரம் போன இடத்தில் இப்போது இரண்டு நிரப்புக்கும் சேர்த்து 2,200 லிட்டர் போகிறது. நேரமும் குறைந்தது.

ஆனால் கறுப்பில் ஒரு லாட் கெட்டது. இரவு ஷிப்டில் முதல் நிரப்பை முழுசாக வடிக்காமலே அடுத்த தண்ணீரை விட்டுவிட்டார்கள். தேய்ப்புச் சோதனையில் துணி தோற்றது. 280 கிலோவையும் மறுபடி மெஷினில் ஏற்றினோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இப்ப மிச்சம் புடிச்சது எத்தனை, போனது எத்தனைன்னு கணக்குப் போட்டுப் பாரும்மா” என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் போட்டுப் பார்த்தேன், அந்த ஒரு லாட்டுக்கு மட்டுமல்ல, அந்த வருஷம் முழுவதற்கும். ஷேட் (நிறச் சாயல்) சரியில்லை, பேட்ச் (திட்டுத் திட்டான நிறம்), தேய்ப்பு என்று மறுபடி சாயமிட்ட லாட்டுகளை எல்லாம் எடுத்தபோது, நூற்றுக்கு ஒன்பது லாட் இரண்டாவது தடவை மெஷினுக்குள் போயிருந்தது. ஒவ்வொன்றும் தண்ணீர், உப்பு, விறகு, கரண்ட் எல்லாவற்றையும் இன்னொரு தடவை தின்றிருந்தது. சுவரில் இருந்த ஐந்து வரியில் இது இல்லை. இதை உற்பத்திக் கணக்காகத்தான் எல்லோரும் பார்த்தோம், சுற்றுச்சூழல் கணக்காக ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தத் தாளைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்ததுதான் இந்த வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். அதுவரை ஷிப்ட் இன்சென்டிவ், எத்தனை லாட் இறக்கினார்கள் என்பதை வைத்து இருந்தது. ஒரே தடவையில் ஓகே ஆன லாட்டுக்கு மட்டும்தான் என்று அவர் மாற்றினார். தொகையையும் கொஞ்சம் கூட்டினார். அதற்கப்புறம் உப்பு எடை போடும்போது ஆபரேட்டர்களே இரண்டாவது தடவை சரிபார்க்கிறார்கள். லேப் ஷேடில் சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ரசாயனக் குடோன் வேலையை நான்கே வாரத்தில் முடித்தோம். பெயர் இல்லாத டிரம்களை வெளியேற்றினோம். தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை என்று சப்ளையரிடம் சான்று வாங்கினோம். பாதுகாப்புத் தாளைத் தமிழில் எழுதி ஒட்டினோம். பாய்லர் நீராவிக் குழாய்களில் ஒழுகிய ஸ்டீம் டிராப்களை (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகளை) மாற்றினோம்.

பையர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் அதே கம்பெனி, கண்ணுக்கே தெரியாத ஷேட் வித்தியாசத்துக்கு மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறது. அதை மறுபடி சாயமிட ஆகும் தண்ணீர் எங்கள் கணக்கில் ஏறுகிறது, அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை. இதை அந்தப் படிவத்தில் எழுத இடம் இல்லாததால், தனிக் கடிதமாக எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த தடவையும் எழுதுவேன்.

இன்றைக்குக் கிலோவுக்கு 57 லிட்டரில் நிற்கிறோம். மீட்டர் பதினோரு மெஷினிலும் வந்துவிட்டது. உப்புதான் இன்னும் அப்படியே இருக்கிறது. லிட்டருக்கு 60 கிராம் என்றால், 1,800 லிட்டர் நிரம்பிய ஒரு லாட்டுக்கு 108 கிலோ, கறுப்புக்கு இன்னும் கூடுதல். அதில் ஒரு பங்கு சுத்திகரிப்பு நிலையத்தில் கலப்பு உப்பாக மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கியிருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது, ஈரம் கசிந்த ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அம்மாயி வீட்டுக் கிணற்றடிக் கல்லில் பூத்திருந்த வெள்ளை நினைவுக்கு வந்தது.

குறைந்த உப்பில் ஏறும் சாயத்தில் நேவி புளூ, 50 கிலோ டிரையல், வருகிற வியாழக்கிழமை வைத்திருக்கிறோம். பழனிக்கு நடக்கும் அந்த அண்ணாதான் மெஷினில் நிற்கப்போகிறார். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.