பொருள், பார்வை

எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் போனாலும் தலைப்பில் இரண்டு சொற்கள் இருக்கும். பொருள், பார்வை. எந்தக் கடிதத்துக்குப் பதில், எந்த ஆணையின்படி என்பதெல்லாம் ‘பார்வை’க்குக் கீழே வரும். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் நாள் முழுக்க அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். சேர்ந்த புதிதில் பக்கத்து மேசை அண்ணனுக்கு இது உறைத்துவிட்டது. சிரிக்கலாமா கூடாதா என்று அவர் திணறியது எனக்கே கேட்டது. நானே முதலில் சிரித்துவிட்டேன்.

வேலூரில் ஓர் அலுவலகம், இளநிலை உதவியாளர் வேலை. பெயரெல்லாம் வேண்டாம். கணினியில் எனக்குத் துணை என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006இல் தொடங்கியது, இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு கோப்பு திறந்து, அது மேலே போய்க் கீழே வருவதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

வேர்டில் தட்டச்சு செய்வது பெரிய விஷயமில்லை. அழகுபடுத்துவதுதான் சிரமம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். கன்ட்ரோலும் இ-யும் அழுத்தினால் வரி நடுவில் போய் நிற்கும், அதைக் குரலும் சொல்லிவிடும். கன்ட்ரோலும் பி-யும் என்றால் தடித்த எழுத்து. சந்தேகம் வந்தால் இன்சர்ட்டும் எஃப்-பும் அழுத்துவேன். எந்த எழுத்துரு, என்ன அளவு, தடிப்பா சாய்வா, எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். வடிவமைப்பு தானாகவே எந்நேரமும் காதில் விழும்படி அமைப்பில் மாற்றவும் முடியும். ஆனால் எல்லாவற்றையும் போட்டுவைத்தால் சொல்லுக்குச் சொல் குறுக்கே பேசி உயிரை எடுக்கும். அதனால் முதல் தடவை வாசகத்துக்காகக் கேட்பேன். இரண்டாம் தடவை அதையெல்லாம் போட்டுவிட்டுத் தோற்றத்துக்காகக் கேட்பேன்.

இந்த இரண்டாம் தடவை எனக்குப் பழக்கமானது ஓர் அவமானத்துக்குப் பிறகு.

2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்த சமயம். பழைய செயல்முறை ஆணை ஒன்றைப் படியெடுத்து, ‘வேலூர்’ என்று இருந்த இடங்களில் ‘இராணிப்பேட்டை’ என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கவிட்டுக் கேட்டேன். ஒரு பிழை இல்லை. அச்செடுத்துக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன்.

“இன்னாப்பா இது, கோலம் போட்ட மாதிரி கீது?”

பழைய கோப்பில் ‘பொருள்’ என்பதற்கு எதிரே வரும் வரிகளை ஸ்பேஸ் தட்டியே நேராக்கி வைத்திருந்திருக்கிறார்கள். சின்ன ஊர்ப்பெயர் போய்ப் பெரிய ஊர்ப்பெயர் வந்ததும் வரிகள் மடங்கி, நடுவில் ஓட்டை ஓட்டையாக விழுந்துவிட்டது. வரிசையாக இருபது ஸ்பேஸ் இருந்தாலும் திரைவாசிப்பான் தொடர்ந்து வாசிக்கும்போது அதைச் சொல்லாது. என் காதுக்கு அந்த ஆணை வழுவழுவென்று இருந்தது. அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து பார்த்தபோதுதான் ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ் என்று கொட்டியது. வரிவரியாகவாவது போயிருக்கலாம். போகாதது என் சோம்பல்தான்.

அம்மாவிடம் பிறகு பேசியதில்தான் இந்த ஸ்பேஸ் தட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அவர் தட்டச்சு இயந்திரத்தில் படித்தவர். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது அவர் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தாராம். இயந்திரத்தில் புள்ளி போன்ற சில விசைகளைத் தவிர, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு நகரும். ஆகவே எழுத்தை எண்ணி, தாளின் நடுவிலிருந்து பாதியளவு பின்னால் தள்ளினால் தலைப்பு சரியாக நடுவில் வந்துவிடும். கணினி எழுத்துருவில் ‘ர’ ஓர் அகலம், ‘ணை’ ஓர் அகலம். அங்கே எண்ணிக்கை செல்லாது. ஆனாலும் விரலுக்கு இது தெரியாதே.

நான் புதிதாக ஒரு மாதிரிக் கோப்பு செய்தேன். ‘பொருள்’ என்று அடித்து, டேப் அழுத்தி, கன்ட்ரோல் டி (T). அவ்வளவுதான். மடங்கும் வரிகளெல்லாம் தானாக உள்தள்ளி நிற்கும். ஊர்ப்பெயர் எவ்வளவு நீண்டாலும் குலையாது. தலைப்புகளுக்குப் பாணி வைத்தேன், அதாவது ‘இது தலைப்பு’ என்று வேர்டுக்கே சொல்லிவைக்கும் ‘ஸ்டைல்’. அது எனக்காகச் செய்தது. பாணி இருந்தால் நாற்பது பக்க அறிக்கையில், திரைவாசிப்பானை வாசிப்பு நிலைக்கு மாற்றி, எச் ஒன்றை அழுத்தியே தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இல்லாவிட்டால் தடித்த எழுத்து வெறும் தடித்த எழுத்துதான், அது தலைப்பு என்று எனக்கு யார் சொல்வது?

தமிழுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. வேர்டின் எழுத்துருப் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம், தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக இன்னொரு கட்டம். இது தெரியாமல் மேல் கட்டத்தில் மட்டும் அளவை மாற்றிவிட்டு, மாறிவிட்டது என்று நம்பிப் பல நாள் ஓட்டியிருக்கிறேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் வந்தால் இன்னும் மோசம். கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது எனக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கேட்கும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோடுக்கு மாற்றினால்தான் அம்மா அம்மாவாக வருவாள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், “நல்லாத்தானே தெரியுது” என்பார்கள். அந்தப் பதிலுக்கு இன்றுவரை எனக்கு மறுபதில் கிடைக்கவில்லை.

போன வாரம் பக்கத்து மேசை அண்ணன் ஒரு சுற்றறிக்கையை அடித்துவிட்டு, “தம்பி, தலைப்பு நடுவுல இருக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லு” என்றார். வரியின் தொடக்கத்துக்குப் போய் அம்புக்குறியைத் தட்டினேன்.

“பதினேழு ஸ்பேஸ், அண்ணா.”

“பதினெட்டுன்னு நெனச்சேன்” என்றார்.