பிரிந்தது தையல் இல்லை, துணி

அப்பாவின் வெண்பட்டு வேட்டி ஒன்று, நாலைந்து தடவைதான் கட்டியிருப்பார், காபி கொட்டிக் கறை போகாமல் பெட்டியில் கிடந்தது. கறை இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டி அம்மாவுக்கு ஜாக்கெட் தைத்தேன். சேலம் வெண்பட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, புவிசார் குறியீடு வாங்கிய துணி, அதை வீணாக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் தைத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு வந்து அம்மா கழற்றினால், முதுகுப் பக்கம் கைக்குழியை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்குத் திறந்திருந்தது.

தையல் விட்டுவிட்டது என்று நினைத்து அதன் மேலேயே, கொஞ்சம் உள்ளே தள்ளி, இன்னொரு தையல் போட்டேன். அடுத்த தடவை போட்டபோது இரண்டு விரல் நீளம் திறந்தது.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே தறி ஓட்டுகிற ஓர் அக்கா இருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நூல் எங்க கண்ணு அந்துச்சு? தையல் அப்படியே இருக்குது பாரு. பாவுதான் ஒதுங்கியிருக்குது."

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். தையலை ஒட்டி இருந்த பாவு நூல்கள், அதாவது நீளவாட்டு இழைகள், ஒரு பக்கமாக நகர்ந்துபோய், குறுக்கே ஓடுகிற ஊடை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி நின்றன. பட்டு இழை வழவழப்பானது, பருத்தி இழை போல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாது, அதனால் ஜாக்கெட் இறுக்கமாக இருந்து கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் முதுகு இழுபட்டால், தையல் நூல் அறுவதற்கு முன்னாலேயே துணி நகர்ந்துவிடும். நான் உள்ளே தள்ளிப் போட்ட இரண்டாவது தையல் ஜாக்கெட்டை இன்னும் இறுக்கிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

சரி, எல்லாவற்றையும் பிரித்தேன். ஒதுங்கிய இழைகளை நகத்தால் மெதுவாக வருடி, மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி செய்ததில் பாதிக்கு மேல் பழைய இடத்துக்கு வந்தன. அப்புறம் மெல்லிய பருத்தித் துணியில் ஓர் அங்குல அகலத்துக்கு நீளவாட்டில் ஒரு பட்டை வெட்டி, கைக்குழித் தையலோடு சேர்த்து உள்பக்கம் வைத்துத் தைத்தேன், இனி இழுப்பைத் தாங்குவது அந்தப் பட்டை. நீளவாட்டில் வெட்டுவது முக்கியம், கிராஸில் வெட்டினால் பட்டையே இழுபடும். ஊசியையும் மாற்றினேன், அதுவரை 16-ஆம் நம்பர் ஊசியில் தைத்திருந்தேன், பட்டுக்கு அது தடிமன், 11 போதும், அதுவும் புது ஊசியாக இருக்க வேண்டும், முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்து அறுத்துவிடும்.

இதெல்லாம் செய்தாலும் இறுக்கம் அப்படியே இருந்தால் பயனில்லை. கைக்குழியில் பிரித்துவிட உள்ளே கூடுதல் துணி கிடையாது, பக்கத் தையலில் ஓர் அங்குலம் விட்டிருந்தேன், அதில் கால் அங்குலம் தளர்த்தினேன். கக்கத்தில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு வைத்தேன். கையைத் தூக்கும்போது முதுகை இழுக்காமல் அந்தத் துண்டு விரிந்து கொடுக்கிறது. ஜாக்கெட் தைக்கிறவர்களில் நிறைய பேர் இந்தத் துண்டு தெரிந்துவிடும் என்று வைக்கத் தயங்குகிறார்கள், கையை இறக்கினால் வெளியே தெரியவே தெரியாது, தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று, துவைத்தபின் தையல் ஓரமெல்லாம் சுருங்குகிறது என்றால் மெஷினைத் திருகுவதற்கு முன் லைனிங்கைப் பாருங்கள். நனைத்துக் காயவைக்காமல் வெட்டிய பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கி மேல்துணியையும் கூடவே இழுக்கும். அதைப் பிரித்துத்தான் சரி செய்ய முடியும்.

அம்மா நேற்று அதைப் போட்டுக்கொண்டு பரணில் இருந்து அண்டாவை இறக்கினார், நான் பின்னால் நின்று கைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு இழை நகரவில்லை. வேட்டியில் இன்னும் ஒன்றரை முழம் மிச்சம் இருக்கிறது, அக்கா மகளுக்குச் சட்டை, பட்டையை முதலிலேயே வெட்டி வைத்துவிட்டேன்.