எந்தச் சேவலை வைத்துக்கொள்வது?

வெள்ளை இறகைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடும் வெள்ளி லேஸ்டு வயன்டாட் கோழியினத்தின் சேவல்களை மூன்று மாதத்திலேயே கழித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் அவசரப்பட்டு, கோடு கலைந்திருக்கிறது என்று ஒன்றை விற்றேன், ஆறு மாதத்தில் அது வாங்கியவர் வீட்டில் ராஜா மாதிரி நின்றது. குஞ்சு இறகை வைத்துக் கோட்டை முடிவு செய்யவே முடியாது. சின்ன வயதில் பார்க்க வேண்டியது வளைந்த விரல், கோணல் அலகு, ஒற்றைக் கொண்டை (இந்த இனத்துக்குத் தட்டையான ரோஸ் கொண்டைதான் இருக்க வேண்டும்), அவ்வளவுதான்.

ஐந்தாறு மாதம் ஆனதும் நெஞ்சிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வையுங்கள். நடுவில் சுத்தமான வெள்ளை, சுற்றிலும் ஒரே தடிமனில் கறுப்பு விளிம்பு இருக்க வேண்டும். வெள்ளைக்குள் கரித்தூள் தூவியது போல இருந்தாலோ, கறுப்புக்கு வெளியே மறுபடி மெல்லிய வெள்ளை ஓரம் ஓடினாலோ எனக்கு வேண்டாம்.

அப்புறம் நிறம். தோளிலும் முதுகிலும் வைக்கோல் மஞ்சள் அடிக்கிறதா? வெயிலாலும் வரும், ஆனால் தங்க நிற மரபணு ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. வெள்ளிப் பெட்டையில் அது ஒளிந்திருக்க முடியாது, சேவலில் முடியும். அப்படிப்பட்ட சேவலின் பெட்டைக் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி தங்க நிறமாகவே வரும்.

ஒற்றைக் கொண்டைச் சேவலை மட்டும் உடனே குழம்புக்கு அனுப்பாமல் ஒன்றை வைத்திருக்கிறேன். தாய், தகப்பன் இரு பக்கமும் ரோஸ் கொண்டை மரபணு வாங்கிய சேவல்களுக்குக் கருவூட்டும் திறன் குறைவு, முட்டை வெறும் கூமுட்டையாகப் போகும்; ஒற்றைக் கொண்டைச் சேவலுக்கு அந்தக் குறை இல்லை. கண்காட்சிக்கு ஆகாது, சரி, இனப்பெருக்கத்துக்கு ஆகும்.