உன்னிச்சைப் பக்கத்துக் கல்குவாரியில்

மட்டக்களப்பு என்றால் வாவியும் கடலும்தான் என்று நினைப்பவர்கள், வவுணதீவு தாண்டி உன்னிச்சைப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். அங்கே ஒரு கல்குவாரியில், கனிமம் பொறுக்க முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் போனோம். ஹெல்மெட், தடித்த சப்பாத்து கட்டாயம். "தம்பி, அந்தச் சுவருக்குக் கிட்டப் போகாதீங்க, வெடி வைச்ச கல் எப்ப விழும் எண்டு தெரியாது" என்றார் மேற்பார்வை பார்க்கிற அண்ணன். அது சரியான பேச்சு. ஏற்கனவே கொட்டிக் கிடக்கிற குவியலிலேயே தேட நிறைய இருக்கிறது.

கிழக்கின் இந்தப் பாறைகளை விஜயன் தொகுதி என்பார்கள், பெரும்பாலும் நைஸ் வகை, அதாவது நிலத்தின் ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறி வரிவரியான பாறை; உருமாறுமுன் இருந்த மூலப்பாறை ஏறக்குறைய 100 கோடி வருடம் பழையது. வெள்ளை, கறுப்பு வரிகள் ஓடும் கல்லுக்குள் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று குறுக்கே போனால் அங்கேதான் நான் குந்திவிடுவேன், ஏனென்றால் அது பெரும்பாலும் பெக்மடைட் என்ற பருமணிப் பாறை, அதில் பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களும் பெரிய பெரிய துண்டாக வளர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: பெல்ஸ்பார் தட்டையான, பளபளக்கும் முகமாக உடையும், குவார்ட்ஸ் கண்ணாடி மாதிரி வளைந்து உடையும். கறுப்பு மைக்காவை நகத்தாலேயே தாள் தாளாக உரிக்கலாம். காந்தம் ஒன்றும் கொண்டுபோங்கள், கறுப்புப் புள்ளி ஒட்டினால் பெரும்பாலும் மக்னடைட் என்ற இரும்புத் தாது.

அப்புறம், எடுத்த கல்லைப் பத்திரிகைத் தாளில் சுற்றும்போதே இடமும் திகதியும் எழுதிவிடுங்கள்.