காத்திருப்போர் பட்டியலில் என் மகன்

14 ஜூன் 2023

இன்று மகனுக்கு இரண்டு வயதுப் பரிசோதனை. சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் தாதி, ஹெல்த் விசிட்டர், லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கே வந்தா. கையில் ஒரு கேள்விக் கொத்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? வேண்டியதை விரலால் காட்டுகிறானா? இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்கிறானா? ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி: ஆம், சிலவேளை, இன்னும் இல்லை. மனைவி 'சிலவேளை'யில் கோடு போடப் பேனையைக் கொண்டுபோனவள், என்னை ஒருதரம் பார்த்துவிட்டு 'இன்னும் இல்லை'யில் போட்டாள். அதற்குப் பிறகு கீழே வரைக்கும் ஒரே நிரையில் கோடு.

ஒன்றரை வயதில் அவனிடம் நாலைந்து சொல் இருந்தது. பால், தா, அம்மா, கார். ஒவ்வொன்றாகப் போய்விட்டது. எந்த நாளில் எது போனது என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை. இனிமேல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன்.

முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பிறகுதான் ஓட்டிசமா என்று பார்க்கக் குழந்தை வைத்தியரிடம் அனுப்புவார்களாம்.

28 ஓகஸ்ட் 2023

இந்த மாதம் ஈலிங் அம்மன் தேருக்குப் போனோம். மேளச் சத்தம் கிட்ட வந்ததும் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவிலேயே படுத்துவிட்டான். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்கிறான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளைக்கு நாவூறு பட்டிருக்குது, போய் மிளகாய் சுத்திப் போடுங்கோ" என்றா. நல்ல மனசோடுதான் சொன்னா. அரிச்சனைத் தட்டை நான் அவவிடமே குடுத்துவிட்டுப் பிள்ளையோடு காருக்கு வந்துவிட்டேன்.

இரவு இலங்கையில், இணுவிலில் இருக்கும் அம்மாவுக்கு எடுத்தேன். "உன்ரை கொப்பரும் நாலு வயசிலைதான் வாய் திறந்தவராம். ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம். நீ ஏன் போட்டுக் குழப்புறாய்?" என்றா. அம்மா சொல்வது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். பாண் போடும் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. விடியும் வரைக்கும் வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

2 நவம்பர் 2023

காது நன்றாகக் கேட்கிறதாம். எனக்கு அது முதலே தெரியும். நாங்கள் கேட்பதற்கு முன்னமே அவன் ரயில் வருவதைக் கேட்டுவிடுவான். குழந்தை வைத்தியப் பகுதிக்கு இன்று கடிதம் போகிறது.

17 ஜனவரி 2024

கடிதம் வந்தது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்களாம். காத்திருக்க வேண்டிய காலம் 18 முதல் 24 மாதம். இடையில் தொலைபேசி எடுத்து விசாரிக்க வேண்டாம் என்றும் தடித்த எழுத்தில் ஒரு வரி.

இந்த நாட்டில் நைஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. வைத்திய சேவை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதித் தருவது அதன் வேலை. ஓட்டிசம் என்று சந்தேகப்பட்டு அனுப்பிய பிள்ளைக்கு 3 மாதத்துக்குள் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்று 2011இலேயே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் மனைவிக்குக் காட்டினேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "இப்ப ரெண்டே முக்கால். கூப்பிடேக்கை நாலே முக்கால். இவ்வளவு நாள் இருந்ததிலை முக்கால்வாசி இன்னும் இருக்கோணும்."

9 மே 2024

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பெப்ரவரியில் நேர்சரியில் சொன்னார்கள்: பிள்ளை இரண்டு மொழிக்கு நடுவில் குழம்புகிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று. அன்றிலிருந்து வீட்டில் தமிழை நிறுத்தினோம்.

எங்கள் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் காணும். பிள்ளையைக் குளிப்பாட்ட அது காணாது. மனைவி முந்தித் தண்ணீர் வார்க்கும்போது "என்ரை குஞ்செல்லோ, என்ரை ராசாவெல்லோ, கண்ணை மூடு, ஆ... முடிஞ்சுது" என்று ஒரு ராகத்தில் சொல்லிக்கொண்டேயிருப்பாள். இப்போது "க்ளோஸ் யுவர் ஐஸ்" என்கிறாள், பிறகு பேசாமல் நிற்கிறாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது. நித்திரையாக்கும் பாட்டில்லை. சோறு தீத்தும்போது காகம் குருவிக் கதை இல்லை. கதைக்காத பிள்ளையைக் கதைக்க வைப்பதற்காக என்று சொல்லி, நாங்களும் கதைப்பதை விட்டுவிட்டோம்.

அம்மா வீடியோவில் வரும்போது கூட, "அம்மா, இங்கிலிஷிலை ஹலோ மட்டும் சொல்லுங்கோ" என்றேன். அவ ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

மகனுக்கு இப்போது சொல் வருகிறது. எல்லாம் ரயிலில் கேட்டவை. படியால் இறங்கப் பயமென்றால் "மைண்ட் த கேப்". போதும், முடிந்தது, விடு என்றால் "திஸ் ட்ரெயின் டெர்மினேட்ஸ் ஹியர், ஓல் சேஞ்ச் பிளீஸ்". படுத்துக்கொண்டு மெட்ரோபொலிற்றன் பாதை முழுதும் சொல்வான்: ஹரோ ஒன் த ஹில், நோர்த்விக் பார்க், பிரெஸ்டன் ரோட், வெம்பிளி பார்க், ஃபிஞ்ச்லி ரோட், பேக்கர் ஸ்ட்ரீட். வெம்பிளி பார்க்கில் இருந்து ஃபிஞ்ச்லி ரோட் வரைக்கும் அந்த ரயில் நில்லாமல் போகும். அந்த இடத்தில் அவனும் அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பான். எனக்கு அது விளங்கவே பல கிழமை பிடித்தது.

23 ஜூன் 2024

நூலகத்தில் பெற்றோருக்கான ஒரு காலைக் கூட்டம். வந்திருந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போய், ஆங்கிலம் மட்டும் பேசுகிறோம், சரிதானே என்று கேட்டேன். அவ முகம் மாறிவிட்டது. இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு கெடுதியும் இல்லை, ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன, உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள் என்றா. ஐந்து நிமிடப் பேச்சு. இதை எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் வரிசையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறார், நாங்கள் இந்தப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வார்த்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நாலு மாதத்துப் பேச்சு.

7 ஜூலை 2024

அம்மாவிடம் இரண்டு கையாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்வான் என்ற கதையும் வந்தது. "அட, அதுக்கென்ன. நானும் சொல்லுவன்" என்றா. அவ படிக்கிற காலத்தில் ரயிலில்தான் யாழ்ப்பாணம் போய் வந்தவ. 1990இல் நின்ற ரயில் காங்கேசன்துறைக்குத் திரும்பி வர 2015 ஆனது. அம்மா ஒன்றையும் மறக்கவில்லை.

"காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம்." ஒவ்வொன்றுக்கும் இடையில் "கூ" என்று ஒரு சத்தம் வேறு.

மகன் தொலைபேசிக்குக் கிட்ட வந்து, திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அம்மா ஐந்து தரம் சொன்னா.

12 செப்டெம்பர் 2024

எட்டு மாதம் விசாரிக்காமல் இருந்துவிட்டு இன்று எடுத்தேன். 40 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் சொன்னா, உங்கள் பிள்ளையின் கோப்பு மே மாதமே மூடப்பட்டுவிட்டது என்று. ஏனென்று கேட்டால், மேலதிக படிவம் ஒன்று அனுப்பினார்களாம், நாங்கள் பதில் போடவில்லையாம். எந்த விலாசத்துக்கு? மூன்று வருடத்துக்கு முன்னம் நாங்கள் இருந்த வீட்டு விலாசத்துக்கு. ஜனவரிக் கடிதம் சரியான விலாசத்துக்கு வந்ததே என்று கேட்டேன். இரண்டு கணினியில் இரண்டு விலாசமாம். இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், நாள் இன்றிலிருந்து எண்ணப்படும்.

நான் சத்தம் போடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்த அலுவலகத்திலும் நான் சத்தம் போட்டதில்லை. கடிதத்தில் எழுதியதை அப்படியே நம்பி, தொந்தரவு குடுக்காமல் இருந்தால் நல்ல பெயரோடு முறை வரும் என்று இருந்தேன். ஒழுங்காக இருந்தவனின் கோப்பைத்தான் மூடினார்கள். இனிக் கிழமைக்கு ஒருதரம் எடுப்பேன். எடுத்த நேரம், பேசியவர், சொன்னது எல்லாம் இந்தக் கொப்பியில்.

(அக்டோபர் கடைசியில் சேர்த்தது: ஏழு தொலைபேசி, இரண்டு முறைப்பாட்டுக் கடிதம், எங்கள் குடும்ப வைத்தியரான ஜீபியின் ஒரு கடிதம். பழைய திகதியையே திருப்பித் தந்துவிட்டார்கள்.)

3 டிசம்பர் 2024

பிள்ளையின் பராமரிப்புக்கான டிஎல்ஏ உதவித்தொகைப் படிவம். 40 பக்கத்துக்குக் கிட்ட. அதைக் கேட்க ஓட்டிசம் என்று எழுதிய தாள் தேவையில்லை என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு என்ன உதவி தேவைப்படுகிறது என்பதுதான் கணக்கு. ஒன்றரை வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று இரவாக எழுதுகிறேன். எவ்வளவு மோசமான நாளோ அதை எழுதுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இரவில் எத்தனை தரம் எழும்புகிறான். மலசலகூடம். தெருவில் கையை உதறிவிட்டு எத்தனை தரம் ஓடினான். கடையில் தலையை நிலத்தில் இடித்தது. எழுத எழுத, நான் பெத்த பிள்ளையைப் பற்றி நானே கோள் சொல்வது போல இருந்தது. அவன் வெயில் விழும் இடத்தில் கரண்டிகளை அடுக்கி, சுவரில் விழும் ஒளியைப் பார்த்துச் சிரிப்பான். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

21 ஜனவரி 2025

15ஆம் திகதிதான் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். போட்டுவிட்டோம். செப்டெம்பரில் மகன் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டா. அவவின் மகள் இந்த வழியை முதலே கண்டவள். "தம்பி, ஜீபியிட்டைப் போய் ரைட் டு சூஸ் எண்டு கேளுங்கோ. எங்கை பார்க்கிறது எண்டு தெரிவு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கு. என்எச்எஸ் வைத்திய சேவையோடை ஒப்பந்தம் இருக்கிற வேறை இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கோ, காசு கட்டத் தேவையில்லை. பிள்ளைக்கு என்ன உதவி வேணுமெண்டு எழுதுற ஈஎச்சிபி திட்டத்துக்கும் நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம், பள்ளிக்கூடம் எழுதும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ. ஆறு கிழமையிலை பதில் சொல்லோணும், இருபது கிழமையிலை முடிக்கோணும். சட்டம்." மழைக்குள் நின்று என் கையில் எழுதிவிட்டா. உண்மையாகவே கையில்.

ஜீபி இன்று கடிதம் எழுதிவிட்டார். கவுன்சிலுக்கு நான் எழுதிவிட்டேன்.

18 ஏப்ரல் 2025

நாலு வயது. மெழுகுதிரி இல்லாத கேக், பாட்டு இல்லை, அவனுக்குப் பிடித்தபடி. ரயிலில் பேக்கர் ஸ்ட்ரீட் போய் இறங்காமல் திரும்பி வந்தோம்.

2024 முடியும்போது இங்கிலாந்தில் ஓட்டிச மதிப்பீட்டுக்குப் பேர் குடுத்துவிட்டு இருப்பவர்கள் 2 லட்சத்துக்கு மேல். வாசித்துவிட்டு ரயில் பெட்டியில் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளை காதை மூடும் கருவி போட்டிருந்தது. அதன் தாய் என் மகனைப் பார்த்துச் சிரித்தா.

15 ஜூலை 2025

இன்று பார்த்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவரை ஒழுங்கு செய்ய முடியுமா என்று முதலே கேட்டிருந்தேன். பிள்ளை ஆங்கிலம்தானே பேசுகிறான், தேவைப்படாது என்றார்கள்.

சின்ன அறை. சவர்க்காரக் குமிழி, பலூன், ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம். களிமண்ணில் கேக் செய்து குச்சியை மெழுகுதிரியாகக் குத்தி மதிப்பீடு செய்த அம்மா பாடத் தொடங்கினா. மகன், "திஸ் ட்ரெயின் டெர்மினேட்ஸ் ஹியர்" என்றான். அவ ரயிலைப் பற்றிக் கேட்டா. நான் குறுக்கே பேசக் கூடாது, ஆனாலும் சொல்லிவிட்டேன்: பாட்டை நிறுத்தச் சொல்கிறான். அவ உடனே நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டா. நல்ல மனிசி.

பிறகு அவன் மேசைக்குக் கீழே போய் முகத்தை மறைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ முணுமுணுத்தான். நான் இருந்த இடத்துக்குக் கேட்டது. அவவுக்கு விளங்கியிராது.

29 ஓகஸ்ட் 2025

அறிக்கை வந்தது. ஓட்டிசம். மனைவியும் நானும் குசினியில் நின்றபடி வாசித்தோம். அவள் அழவில்லை, எனக்குத்தான் வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம், அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கவுன்சிலின் திட்டம் 20 கிழமை தாண்டியும் வரவில்லை. பள்ளிக்கூடம் அடுத்த கிழமை.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: 'மேசைக்குக் கீழே இருந்து விளங்கிக்கொள்ள முடியாத ஒலிகளை எழுப்பினான்.'

அந்த வரியை மட்டும் நான் விடவில்லை. இரவு வேலைக்குப் போக முன்னம் மின்னஞ்சல் எழுதினேன். அவை ஒலிகள் அல்ல. அவை ஊர்ப் பெயர்கள். என் தாய் அவனுக்குச் சொல்லிக் குடுத்தவை. பயம் வந்தால் வரிசை பிழைக்காமல் சொல்வான். ஒன்பது பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதி, அது எந்த ரயில் பாதை என்றும் எழுதினேன்.

26 செப்டெம்பர் 2025

கவுன்சிலின் திட்டம் போன கிழமை வந்தது, பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு. கிழமைக்கு 15 மணித்தியாலம் அவனோடு ஒருவர் இருப்பார்.

திருத்திய அறிக்கை இன்று தபாலில். ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். 'மேசைக்குக் கீழே இருந்து, தன் அப்பம்மாவிடம் கற்ற, இலங்கையின் வடக்கிலுள்ள ரயில் நிலையங்களின் பெயர்களைத் தமிழில் சரியான ஒழுங்கில் சொன்னான்' என்று இருக்கிறது. அடுத்த வரியில் பெயர்கள்.

அம்மாவுக்கு எடுத்து வாசித்தேன். "கொக்குவிலும் போட்டிருக்கினமே?" என்றா. போட்டிருக்கினம், அம்மா.